மேசைக் கணினிப் பழுது: அறிகுறி பார்த்துக் கை வைக்கும் முறை

மேசைக் கணினியில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை சில்லறைப் பழுதுகளே. ஒரு கேபிள் நெகிழ்ந்திருக்கும், ஒரு ராம் (நினைவக) அட்டை சரியாக அமராமல் இருக்கும், அல்லது செயலியின் சூட்டைத் தணிக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கில் தூசி அடைந்திருக்கும். அவற்றைச் சரிசெய்யப் போகும் அவசரத்தில், எல்லாப் பாகங்களும் வந்து இணையும் மதர்போர்டைக் கருக விடுவதும், மின்னதிர்ச்சி வாங்குவதும்தான் பெரிய இழப்புகள். ஆகவே இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் என்ன செய்யலாம் என்பதோடு, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

மூடியைக் கழற்றும் முன்

கணினியை முறைப்படி நிறுத்திய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்பக்கப் பொத்தானை அழுத்தியவுடன் கணினி விழித்துக்கொள்வதும் அதனால்தான். இந்த நிலையில் ராமையோ கிராஃபிக்ஸ் கார்டையோ பிடுங்கினால் அது பழுதாக வாய்ப்புண்டு. எனவே பின்பக்கச் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல், மின்கம்பியையே கணினியிலிருந்து உருவிவிட வேண்டும். கணினி யுபிஎஸ் வழியாக இயங்குகிறதென்றால் யுபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து பிடுங்குவது போதாது. அதன் பின்பக்கச் சாக்கெட்டில் மின்கலத்தின் புண்ணியத்தில் முழு மின்னழுத்தமும் இருந்துகொண்டே இருக்கும்.

கம்பியை உருவிய பின் முன்பக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். சில மதர்போர்டுகளில் எரியும் சிறு விளக்கு மங்கி அணைவதைக் கண்ணால் பார்க்கலாம்; அது அணையும்வரை எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது நிலைமின்சாரம். உடலிலிருந்து பொறி பாய்வதை நாம் உணர வேண்டுமானால் ஏறத்தாழ 3000 வோல்ட் தேவை. ஆனால் சில சில்லுகளைச் சேதப்படுத்த அதில் மிகச் சிறு பங்கே போதும். அதாவது, நமக்குத் தெரியாமலேயே ஒரு பாகத்தைக் கெடுத்துவிட முடியும். வேலை தொடங்குமுன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, இடையிடையே மீண்டும் தொட்டுக்கொண்டே இருந்தால் நமக்கும் கணினிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு நீங்கிவிடும். அடிக்கடி இந்த வேலை செய்பவர்கள் மணிக்கட்டுப் பட்டை அணியலாம். அந்தப் பட்டையின் கம்பியில் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். தவறுதலாக மின்சாரமுள்ள பகுதியைத் தொட்டாலும் உடல் வழியே பாயும் மின்னோட்டத்தை அது மிகக் குறைவாக வைத்திருக்கும். அந்த மின்தடை இல்லாத வெறும் கம்பியைக் கையில் கட்டிக்கொண்டு எர்த்தில் இணைப்பது, பட்டையே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

கருகல் வாசனை, புகை, அல்லது வெடிச்சத்தம்

இங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை. சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் அருகிலேயே புகை வந்தால் வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாத கருவியின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ தெரிந்தால், மின்கருவிகளுக்கு உகந்த கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் கைவசம் இருந்து, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் திறந்திருந்தால் மட்டும் முயலலாம். இல்லாவிட்டால் வெளியேறிவிட வேண்டும்.

எல்லாம் அடங்கி, குளிர்ந்த பிறகு, "ஒருமுறை போட்டுப் பார்ப்போமே" என்ற எண்ணம் எழும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். முதல் முறை ஒரு பாகம் மட்டும் கருகியிருக்கலாம்; இரண்டாம் முறை அதோடு இணைந்தவையும் போகும். மின்சாரம் இல்லாத நிலையில் வாசனை எங்கிருந்து வருகிறது என்று முகர்ந்து பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸின் காற்றுத்துளைகளிலிருந்து வந்தால் அதை அப்படியே மாற்ற வேண்டியதுதான். மதர்போர்டிலிருந்து வந்தால், உருளை வடிவ மின்தேக்கிகளின் தலைப்பகுதி உப்பியோ, பழுப்பு நிறக் கசிவுடனோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகுளியுடன் வந்த மின்தேக்கிகளால் எண்ணற்ற மதர்போர்டுகள் இப்படித்தான் வீணாயின. பழைய கணினிகளில் இன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொரு சந்தேகத்துக்குரிய இடம், நான்கு முனை மின்இணைப்பை, டிஸ்க்குகளுக்கான சாட்டா இணைப்பாக மாற்றித் தரும் மலிவான அடாப்டர்கள். கம்பிகளின் மேல் நெகிழியை உருக்கி ஊற்றி வார்த்த வகையில், உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கித் தீப்பற்றிய நிகழ்வுகள் பலவுண்டு. அவை இருந்தால், கருகியிருக்கிறதோ இல்லையோ, கழற்றி எறிந்துவிடலாம்.

கேபினெட்டைத் தொட்டால் "சுரீர்" என்கிறது

மிகப் பலர் அனுபவித்தும் பொருட்படுத்தாத அறிகுறி இது. காரணம் தெரிந்தால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகப் புரியும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்ஸின் நுழைவாயிலிலும் மின்னிரைச்சலை வடிகட்டும் பகுதி ஒன்று உண்டு. அதில் ஃபேஸ் கம்பியிலிருந்து உலோகக் கூட்டுக்கு ஒரு சிறு மின்தேக்கியும், நியூட்ரல் கம்பியிலிருந்து உலோகக் கூட்டுக்கு இன்னொன்றும் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம், எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் நமக்குத் தெரியாமல் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக வழியின்றி, கேபினெட்டின் மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்கு உயர்ந்து நிற்கும். 230 வோல்ட் வழங்கும் இடங்களில் அது சுமார் 115 வோல்ட். மின்னோட்டம் பொதுவாக 1 மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே கணினி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யுமுன், சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சிறு அளவும் காட்டுவது சரியான நிலையின் அடையாளம். கேபினெட்டின் மீது டெஸ்டர் வைத்து விளக்கு எரிவதைப் பார்த்துத் தீர்மானிப்பது பயன்படாது. மேற்சொன்ன கசிவுக்கும் அது எரியும், உண்மையான மின்காப்புப் பழுதுக்கும் அது எரியும். இரண்டும் ஒன்றல்ல. இலேசான சுரீர் அல்லாமல் கையை உதறித் தள்ளும் அதிர்ச்சி ஏற்பட்டாலோ, கணினியைப் பொருத்தியவுடன் மின்கசிவு தடுப்பான் விழுந்தாலோ, கணினியை மின்சாரத்திலிருந்து விலக்கிவிட்டு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றும்வரை மீண்டும் இயக்கவே கூடாது.

எர்த் இல்லாத சாக்கெட்டில் ஓட்டுவதற்காகப் பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டுவதும், இரண்டு முனை அடாப்டரைப் பொருத்துவதும் பழுதை மறைக்கும் வேலைகள். அதுபோலவே, எரிவாயுக் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றுவது எந்த நிலையிலும் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எர்த் இல்லாத கணினியை, எர்த் உள்ள தொலைக்காட்சியோடோ ஒலிபெருக்கியோடோ கேபிளால் இணைக்கும் நொடியில், தேங்கியிருந்த மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியே பாயும். எச்டிஎம்ஐ துளைகள் காரணம் தெரியாமல் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எர்த் சரிசெய்யப்படும்வரை, இரண்டையும் மின்சாரத்திலிருந்து விலக்கிவிட்டுக் கேபிளைச் சொருகி, அதன் பிறகு மின்சாரம் கொடுப்பதே பாதுகாப்பு.

உலோக உடலுள்ள மடிக்கணினி, இரண்டு முனை சார்ஜரில் இருக்கும்போது உள்ளங்கையில் மெல்ல அதிர்வதும் இதே வகைக் கசிவுதான். அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

முதலில் சாக்கெட்டில் வேறொரு கருவியைப் பொருத்திப் பாருங்கள். பிறகு எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச் கோட்டுக்குறியின் பக்கம் இருக்கிறதா, வட்டக்குறியின் பக்கமா என்று பாருங்கள். கோடு என்றால் இயக்கம். சில பழைய எஸ்.எம்.பி.எஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது ஆன் சுவிட்ச் அன்று. 230 வோல்ட் இடத்தில் அதை 115-க்குத் தள்ளிக் கணினியை இயக்கினால் பெரிய சத்தத்துடன் எஸ்.எம்.பி.எஸ். போய்விடும்.

இவை சரியாக இருந்தால், மதர்போர்டின் 24 முனை இணைப்பும், முன்பக்கப் பொத்தானின் மெல்லிய கம்பியும் இடத்தில் இருக்கின்றனவா என்று, மின்சாரம் துண்டித்த நிலையில், அழுத்திப் பாருங்கள். விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது, மீண்டும் சுற்றி நின்றுவிடுகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். உயிரோடுதான் இருக்கிறது, எங்கோ உள்ள குறுக்குச்சுற்றைக் கண்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், யுஎஸ்பி கருவிகள் என ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மின்கம்பியை உருவிய பின்னரே கை வைத்து, எதைக் கழற்றியதும் கணினி நிற்காமல் ஓடுகிறது என்று பாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் உருண்டு போய்ச் சிக்கிய ஒரு திருகாணியே காரணமாக இருப்பதும் உண்டு.

எஸ்.எம்.பி.எஸ்ஸையே சந்தேகிக்க நேர்ந்தால், நன்றாக இயங்கும் வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதே எளிய சோதனை. அப்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றக் கூடாது. கழற்றி மாட்டும் கேபிள்களின் மதர்போர்டு முனை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான், எஸ்.எம்.பி.எஸ். முனையின் அமைப்போ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடலும் மாறும். கச்சிதமாகப் பொருந்தும் தவறான கேபிள் ஒன்று, 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பி எல்லா டிஸ்க்குகளையும் ஒரே நொடியில் அழித்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெட்டியைத் திறப்பது இந்த வழிமுறையின் எல்லைக்கு வெளியே. அதன் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்திசை மின்னழுத்தம் தேங்கும். மின்னூட்டத்தை வடிக்கும் மின்தடை பழுதாகியிருந்தால் பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆனபின்னும் அது அங்கேயே இருக்கும். பழைய பெரிய குழாய்த் திரைகள் இதைவிட மோசம். அவற்றின் உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் உருவாகும்.

விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றுமில்லை

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில், திரையின் கேபிளை மதர்போர்டின் துளையில் சொருகியிருப்பதே இதற்கு மிகச் சாதாரணமான காரணம். அது சரியென்றால் ராமுக்கு வாருங்கள். ஒரே ஓர் அட்டையை மட்டும் வைத்து, இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டு அட்டைகளானால், நான்கு இடங்களுள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் உரிய இடங்கள். இரு பக்கமும் "டிக்" என்று பூட்டு விழ வேண்டும். புதிய டிடிஆர்5 ராம் போட்ட முதல் தடவை, மதர்போர்டு அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து அணைத்துவிட வேண்டாம்.

ராமின் பொன்முனைகளை அழிரப்பரால் தேய்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பல நேரங்களில் அது பலிக்கவும் செய்கிறது, ஆனால் பலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ராமைக் கழற்றி மாட்டியதுதான். அழிரப்பர் மெல்லிய பொன்பூச்சைத் தேய்த்து நிலைமின்சாரத்தையும் உண்டாக்கும்; துகள்கள் சாக்கெட்டிலும் விழும். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணி போதும்.

செயலிக்கான 8 முனை இணைப்பு விடுபட்டிருந்தாலும் விசிறிகள் சுழலும், படம் வராது. அது கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 முனை இணைப்பைப் போலவே தோற்றமளித்தாலும், 12 வோல்ட்டும் தரைக்கம்பியும் இரண்டிலும் இடம் மாறி இருக்கும். தவறாகச் சொருக முடியாதபடிதான் முனைகளின் வடிவம் செய்யப்பட்டிருக்கிறது. எனவே சொருகுவதற்குப் பலம் தேவைப்பட்டால், அந்தக் கேபிள் அந்த இடத்துக்கு உரியதன்று என்றே கொள்ள வேண்டும்.

வேலையின் நடுவில் திடீரென அணைகிறது

இதற்குச் சூடு, மின்சாரம் என இரண்டு பெரிய காரணங்கள். நேரத்தைக் கவனித்தால் இரண்டையும் பிரித்தறியலாம். விளையாட்டோ காணொளித் தொகுப்போ தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து, விசிறிகள் இரைச்சலிட்டு, வேகம் குறைந்து, பிறகு அணைந்தால் சூடு. பளு ஏறிய அந்த நொடியிலேயே அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் மீது சந்தேகம் கொள்ளலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் "கெர்னல்-பவர் 41" என்றிருப்பதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கிளம்ப வேண்டாம். கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது.

இன்றைய செயலிகள் பொதுவாக 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளில் அந்த எண்களை நெருங்குவது தெரிந்தால் தூசியைத் துடைக்க வேண்டும். அழுத்தக் காற்றுக் குப்பியை நிமிர்த்திப் பிடித்துச் சிறு சிறு வீச்சாக அடியுங்கள். சாய்த்தால் குளிர்ந்த திரவமே வெளியேறும். ஒவ்வொரு விசிறியின் இறக்கையையும் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், ஏனெனில் கட்டற்றுச் சுழலும் விசிறியின் தாங்கி கெடும், மோட்டார் மின்னாக்கியாகவும் மாறும். வீட்டு வாக்குவம் கிளீனரின் நெகிழி முனை நிலைமின்சாரத்தைக் குவிப்பதால் உள்ளே வேண்டாம்.

தூசி போயும் சூடு தணியவில்லையென்றால், செயலியிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். ஹீட்சிங்கைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக வைத்து, பிறகு மின்கம்பியை உருவி, ஹீட்சிங்கை இடவலமாகத் திருகியபடி எடுங்கள். நேராக மேலே இழுத்தால், ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்4 வகைச் சாக்கெட்டில் செயலியும் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டே வெளியே வரும். அதன் அடியில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிமுனைகளில் சில வளைந்தாலும் செயலி வீணாகக்கூடும். புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

மின்சாரமே காரணம் என்று தெரிந்தால், ஆற்றல்மிக்க கிராஃபிக்ஸ் கார்டுகளின் 16 முனை இணைப்பைப் பாருங்கள். 600 வாட் வரை கொண்டுசெல்லும் அந்த இணைப்பில், 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் பாய்கிறது. அது ஆறு மெல்லிய முனைகளுக்குள் பங்கிடப்படுவதால், ஒவ்வொன்றின் மீதும் 8 ஆம்பியருக்கு மேல் விழுகிறது. சற்றே இடைவெளி விட்டு அமர்ந்த இணைப்பு இந்தச் சூட்டில் உருகியிருக்கிறது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாத வரை அழுத்தி, முனையை ஒட்டிய கம்பியை வளைக்காமல் விடுங்கள். நெகிழி நிறம் மாறியிருந்தால் அந்தக் கேபிளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. கணினி இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், அதிலிருக்கும் ஹீட்டரையோ லேசர் பிரிண்டரையோ தனிச் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் சொருகியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டக், டக்"

இதில் ஆபத்து உங்களுக்கில்லை, தரவுக்குத்தான். மீண்டும் மீண்டும் தொடங்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தொடக்கமும் கடைசியாக இருக்கலாம். டிஸ்க் இன்னும் படிக்கப்படுகிறதென்றால், ஈடு செய்ய முடியாத கோப்புகளை முதலில் நகலெடுங்கள், மற்றவை பிறகு. படிக்கப்படவில்லையென்றால் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். திறந்து பார்க்க வேண்டாம்: படிக்கும் தலைமுனை தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது, அறையில் மிதக்கும் ஒரு தூசியே அதற்கு மலை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து உயிர்ப்பிக்கும் பழைய வித்தை, தட்டின் மீது ஈரம் படியச் செய்வதில் முடியும்.

தேதியும் நேரமும் தொலைந்துபோகின்றன

மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 நாணய மின்கலம் தீர்ந்துவிட்டது, மாற்றினால் போதும். விண்டோஸின் தரவுப் பூட்டான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பின் கணினி அதைக் கேட்கக்கூடும். இவ்வளவு சின்ன வேலையில் கவனிக்க வேண்டியது பழைய மின்கலத்தைத்தான். குழந்தை அதை விழுங்கினால், தீர்ந்துபோன மின்கலமாயினும், உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். கழற்றியவுடன் இருபுறமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை.

திரவம் கொட்டிவிட்டது

ஈரக் கையால் பிளக்கைத் தொடாமல், மெயின் சுவிட்சையோ உலர்ந்த இடத்திலுள்ள சுவிட்சையோ அணையுங்கள். மடிக்கணினியானால் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைக் கழற்றி, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்கும்படி கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். வெற்றுத் தண்ணீரைவிட, சர்க்கரை கலந்த பானம் மோசமானது. காய்ந்த பின்னும் அது மதர்போர்டை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், உலர்வது மட்டும் போதாது, பிரித்து ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அரிசியில் புதைப்பதால் மாவுத்தூள் உள்ளே போவதைத் தவிர பயனில்லை. முடி உலர்த்தியின் சூடு நெகிழியை வளைத்து ஈரத்தை உள்ளே தள்ளும். இரண்டு நாளேனும் காற்றோட்டத்தில் விட்ட பிறகே இயக்கத்தைப் பற்றி யோசிக்கலாம்.

மடிக்கணினியின் டச்பேட் மேலே எழும்புகிறது

மூடி சரியாக மூடவில்லை, டச்பேட் அழுந்தவில்லை, அடிப்பகுதி மேசையில் ஆடுகிறது என்றால், அவை பெரும்பாலும் லித்தியம் மின்கலம் உப்பியதன் அடையாளங்கள். உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜரைக் கழற்றுங்கள், கணினியை அணையுங்கள், மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். மூடியை அழுத்தி மூடப் பார்ப்பதும், வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்துவதும் தீயை வரவழைக்கும். எளிதாகக் கழன்றுவரும் மின்கலமானால் எடுத்து, தரை ஓடு போன்ற தீப்பற்றாத பரப்பில், துணியும் காகிதமும் அருகில் இல்லாமல் வையுங்கள். பசையால் ஒட்டப்பட்டதாக இருந்தால் நெம்ப வேண்டாம். கணினியை முழுதாகவே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், மின்கலம் உப்பியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. நசுக்கும் வண்டியில் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கும்போது அதன் முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.